ஞாயிற்றுக்கிழமை மழை

பாலக்காட்டுக் கூட்டத்துக்குச் சிவசங்கரி வருவாள் என்று கோகுல்நாத்துக்குத் தெரியும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

கல்லூரி வாசலில் ஆட்டோ நின்றதும் முதலில் இறங்கியவர் அவர்தான், சுருளிவேல். அறுபதை எட்டப்போகிற வயசு. கழுத்தில் மப்ளர், கையில் துணிப்பை. தேவிகுளத்துக்கு அந்தப் பக்கம் மேல்தொட்டி எஸ்டேட்டிலிருந்து முந்தின நாளே புறப்பட்டு, மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சியில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழுந்து வந்திருக்கிறார்கள். மலைக்குளிரில் ஊறின உடம்பு. பாலக்காட்டு மாசி வெயிலிலும் மப்ளரைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை.

"வாங்கய்யா. வழியெல்லாம் சௌகரியமுங்களா?" என்றான் கோகுல்நாத்.

"நல்லா வந்தோம் தம்பி. மழைமணி கோகுல் தம்பி நீங்கதானா? மக சொல்லியிருக்கு. எங்களுக்காக உக்காந்து இத்தனையும் செய்றீகளே, ரொம்பப் பெரிய மனசு ஒங்களுக்கு."

கோகுல்நாத் குனிந்து துணிப்பையை வாங்கிக்கொண்டான். முகத்தைக் காட்டாமல் இருக்க அது ஒரு வழி.

அவன் வேலந்தாவளத்துப் பக்கத்துப் பையன். தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. கோயம்புத்தூரில் கம்பெனி வேலை. சனி ஞாயிறுகளில் அவனும் அவனைப் போன்ற சிலரும் கூடிச் செய்த போன் புரோகிராம்தான் மழைமணி. சம்பளமில்லாத வேலை. ஒருவர் எழுதிய நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், தன் வரிகளைச் சேர்க்கலாம். மலையில் பன்னிரண்டு எஸ்டேட்டுகள். காலை ஏழு மணிக்கு, ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டர் நேரத்தில், மழை அளக்கும் குப்பியில் சேர்ந்த தண்ணீரை ஒருவர் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று போனில் அனுப்புவார். மூன்று நாள் மழை சேர்ந்து முந்நூற்றைம்பதைத் தாண்டினால் அந்த எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் உள்ள போனெல்லாம் மணி அடிக்கும். மணி அடித்தால் சட்டி பானையைப் பார்க்காமல் எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

மேல்தொட்டியில் அந்தக் குப்பியை அளக்கிறவர் சுருளிவேல். எஸ்டேட்டு ஆபீசில் எடுபிடி. அவர் மகள் சிவசங்கரி மூணாறில் ஒரு ஓட்டல் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே நிரல் எழுதப் படித்தவள்.

வருஷா வருஷம் நடக்கும் இந்த மாநாட்டில் மற்றவர்கள் மேடையேறிப் பேசுவார்கள். கோகுல்நாத் மட்டும் ஒரு சின்ன அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் கூட்டுப் பரிசீலனை நடத்துவான். புதிதாக எழுதியவர் தம் வரிகளைத் திரையில் காட்ட வேண்டும். சுற்றியிருக்கிற பதினைந்து பேரும் குடைந்து குடைந்து கேட்பார்கள். ஒரு திருத்தத்துக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டால், எழுதியவரே அங்கேயே தன் கையால் அதைத் திருத்திப் பதிய வேண்டும். அடுத்தவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது. தன் கையால் திருத்தினால்தான் மனசில் நிற்கும் என்பான் கோகுல்நாத். அவன் வைத்த சட்டம் அது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே வட்டத்தில், சிவசங்கரி முதல் தடவையாக உட்கார்ந்தாள். அவள் எழுதிக்கொண்டு வந்தது ஐந்தே வரி. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு எங்கேயோ ஒருவர் அறுபத்துநாலை அறுநூற்று நாற்பது என்று அனுப்பி, ஒரு எஸ்டேட்டே தூறலில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, பிறகு வாய் கிழியத் திட்டியிருந்தது. அதனால், ஒரே நாளில் முந்நூறுக்கு மேல் வருகிற அளவைக் கைப்பிழை என்று தள்ளிவிடும்படி கோகுல்நாத் செய்திருந்தான். சிவசங்கரியின் ஐந்து வரி அதற்கு ஒரு விலக்கு கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அளவு வரவில்லையென்றால், திங்கட்கிழமை எவ்வளவு பெரிய எண் வந்தாலும் தள்ளக்கூடாது.

"அதென்ன அம்மிணி திங்கக்கெழமைக்கு மட்டும் தனிப் பந்தி?" என்று கேட்டான் கோகுல்நாத்.

"ஞாயித்துக்கெழம மஸ்டர் கெடையாதுண்ணே. யாரும் குப்பிய..."

"மழைக்குத் திங்கக்கெழமை தெரியுமுங்களா?"

அறை சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுடைய மிச்ச வார்த்தை முழுகிப்போயிற்று. "ஆளுங்க பழக்கத்துக்குப் புரோகிராமை வளைக்கக் கூடாதுங்க. ஞாயித்துக்கெழமையும் அளக்கோணும்னு ஆளுக்குச் சொல்லோணும்," என்று அவன் முடித்தான். பதினைந்து பேரும் தலையாட்டினார்கள்.

"சரிண்ணே," என்றாள். தன் கையாலேயே ஐந்து வரியையும் எடுத்தாள்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு ஞாயிறு முழுக்க வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை சுருளிவேலும் அவர் சம்சாரம் முருகேஸ்வரியும் டவுனுக்கு இறங்கிச் சந்தை சாமான் வாங்குவார்கள். வாரம் ஆறு நாள் தேயிலைக் கொளுந்து கிள்ளுகிற பெண்ணுக்கு அது ஒன்றுதான் ஓய்வு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் குப்பியை ஊற்றி அளந்தார். குழாயை நாலு தடவை நிரப்ப வேண்டியிருந்தது. முந்நூற்று எண்பத்தாறு. இரண்டு நாள் தண்ணீர். போனில் அனுப்பினார். மழைமணி அதை ஒரே நாள் மழை என்று எடுத்துக்கொண்டு, கைப்பிழை என்று சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. மணி அடிக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, அவர்கள் குடியிருந்த மேல்லயத்துக்குப் பின்னாலிருந்த மலை சரிந்து இறங்கியது. நாலு வீடு. ஒன்பது பேர். அதில் முருகேஸ்வரி ஒருத்தி.

அன்றே கோகுல்நாத் தள்ளப்பட்ட எண்களைத் திறந்து பார்த்தான். 386 அங்கே இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏன் மணி அடிக்கவில்லை என்று நாலா பக்கமிருந்தும் கேட்டார்கள். பயத்தில் ஒரு அறிக்கை எழுதி அனுப்பினான். "அன்று மேல்தொட்டியிலிருந்து வந்த அளவில் பிழை இருந்தது." அதை எஸ்டேட்டு ஆபீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டான். மாற்றி எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தான். இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

இப்போது அதே ஐந்து வரியை அவள் மறுபடியும் கொண்டுவந்திருக்கிறாள்.

பரிசீலனைக்கு முன்னால் டீ கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சிவசங்கரி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, டீ."

"வேணாம் தாயி. நீ குடி."

"காலைல இருந்து ஒண்ணும் குடிக்கலையே."

"வேணாம்மா."

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. இது பழகிப்போன ஒன்று என்று அவள் திரும்பி நடந்த நடையிலேயே தெரிந்தது. கோகுல்நாத்தைக் கடக்கும்போது, "எங்கம்மா போனதுல இருந்து என் கையால ஒரு டீ குடிக்க மாட்டாங்கண்ணே," என்றாள் தணிந்த குரலில். "அவங்களே வச்சுக் குடிப்பாங்க. நான் அந்த வரிய எடுத்தத நானே சொல்லிட்டேன். அதுல இருந்து இப்பிடித்தான். இன்னைக்கு அத நான் திரும்பப் போடுறத அவங்க கண்ணால பாக்கட்டும்னுதான் கூட்டியாந்தேன்."

"நான் சொல்லித்தான் எடுத்தேன்னு சொல்லலீங்களா?"

"அதச் சொன்னா என்னண்ணே? அழுத்துனது என் வெரல்தான."

கோகுல்நாத் டீ மேசைக்குப் போனான். என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு கோப்பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் நீட்டினான். சுருளிவேல் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருப்பீக தம்பி." ஒரு வாய் உறிஞ்சினார். "ஒரு மணி பஸ்ஸ விட்டுறக் கூடாது. நாளைக்கு ஞாயித்துக்கெழம. காலைல குப்பியப் பாக்கணும்."

"நாளைக்கு லீவுதானுங்களே?"

"அதுக்கப்புறம் எனக்கு ஏது லீவு? ஒரு ஞாயிறு விட்டதில்ல." கோப்பைக்குள் பார்த்தபடியே சொன்னார். "அந்தத் திங்கக்கெழம மழைல கொளுந்து வேல இல்ல. மத்தியானம் நான் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்காரிக்குப் போன் பண்ணேன். ஏட்டி, மழை ஒரு மாதிரியா இருக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாமான்னு கேட்டேன். 'மணி அடிக்கலையே, ஒங்க மக செஞ்ச மணியாக்கும், அடிச்சாப் போவோம், இப்ப அடுப்புல ஒல கெடக்கு'ன்னா. எங்கள மாரி ஆளுகளுக்கு அவ்வளவு நம்பிக்க தம்பி ஒங்க மேல."

டீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

பரிசீலனை ஆரம்பித்தது. பதினைந்து நாற்காலியும் நிரம்பியிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முந்திய முகம் ஒன்றுகூட இல்லை. இந்த மாதிரிக் கூட்டங்களில் வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறிவிடும். சிவசங்கரி தன் ஐந்து வரியைத் திரையில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் குப்பி அளக்க ஆளில்லாமல் கிடக்கிற கதையைச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

கட்டப்பனைக்காரன் பிஜு கை தூக்கினான். மலையாளம் கலந்த தமிழ். "எனக்கொரு சம்சயம். மேல்தொட்டில ஞாயித்துக்கிழமையும் அளவு வருதல்லோ? ரெண்டு வர்ஷமா ஒரு ஞாயிறுகூட காலி இல்ல. பின்ன இந்த வரி எதுக்கா?"

"அங்க எங்கப்பா போய் எடுக்குறாங்க. மத்த பதினொரு எஸ்டேட்டுல ஞாயித்துக்கெழம யாரும் எடுக்க மாட்டாங்கண்ணே. எடுக்கணும்னு கேக்கவும் முடியாது. அவங்களுக்கு அது ஒரு நாளுதான்."

"செரி, செரி. ஒத்துக்கிட்டேன்."

திரையை ஓட்டிக்கொண்டிருந்தவள் பிரதீபா. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவி, துடுக்கான பெண். பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "இருங்க, இருங்க. இதே அஞ்சு வரி இங்க முன்னாடியே இருந்திருக்குதுங்க. ஆரோ எடுத்துப்போட்டாங்க. ஆருன்னு பாக்கறேன்."

ஒரு சொடுக்கு. பெரிய எழுத்தில் திரையில் வந்தது. நீக்கியவர்: சிவசங்கரி சுருளிவேல்.

"அக்கா! நீங்களே வெச்சு, நீங்களே எடுத்து, மறுக்காவும் நீங்களே வெக்கறீங்களாக்கும்? இதென்ன கோலப்போட்டியா?"

அறை சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. ஆனால் கோகுல்நாத்துக்கு அதே சிரிப்பு.

"ஆமா," என்றாள் சிவசங்கரி. "நான்தான் எடுத்தேன். தப்புப் பண்ணிட்டேன்."

கோகுல்நாத் கடைசி வரிசையைப் பார்த்தான். சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டு மப்ளர் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது வாய் திறக்காவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். அவள் விசையை அழுத்துவாள், எல்லாரும் கைதட்டுவார்கள், திரை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்று இருந்தவர் எவரும் இங்கே இல்லை. பேசினது எதுவும் பதிவில் இல்லை. பதிவில் இருப்பது அவள் பேர் ஒன்றுதான். அந்த மனுஷர் இனி சாகும்வரை தானே டீ வைத்துக் குடிப்பார்.

"பிரதீபா, திரையை மாத்தாதே. அப்படியே இருக்கட்டும்," என்று அவன் எழுந்தான். "அந்த வரிய எடுக்கச் சொன்னது நானுங்க. இந்தப் புள்ள வேண்டாம்னு சொல்ல வந்துது. நான் மழைக்குத் திங்கக்கெழமை தெரியுமான்னு கேட்டுச் சிரிச்சேன். பூராப் பேரும் சிரிச்சாங்க. அப்புறம் அது என்ன பண்ணும்? எடுத்துப்போடுச்சு. அவங்கவங்க கையால திருத்தோணும்னு சட்டம் வெச்சதும் நான்தான். அதனாலதான் அங்க இதும் பேரு நிக்குது. அங்க என்ற பேருதான் நிக்கோணும்."

பிரதீபாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. ஆடி மாசத்துத் திங்கட்கிழமையையும், 386 தள்ளப்பட்டதையும், ஒன்பது பேரையும் அவன் சொல்லி முடித்தான்.

"தம்பி." கடைசி வரிசையிலிருந்து சுருளிவேல் எழுந்து நின்றார். "ஒரு நிமிசம். அப்ப நான் அனுப்புன அளவு?"

"சரியான அளவுங்கய்யா. ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகில்லீங்க."

"போர்டுல தப்புன்னு ஒட்டியிருந்துச்சே."

"அதை எழுதுனதும் நான்தானுங்க. பொய்யி அது."

"பத்தொம்பது வருசமா அந்தக் குப்பிய அளக்கேன். அந்தக் காயிதத்தப் படிச்சதுல இருந்து, அன்னைக்கு மட்டும் என் கண்ணு மங்கிருச்சோ, கை நடுங்கித் தப்பா அமுக்கிட்டேனோன்னு..." அவர் மகளைப் பார்த்தார். "நீ வந்து, நான்தான்ப்பா வரிய எடுத்தேன்னு சொன்ன பாரு. அப்பனக் காப்பாத்தப் பொய் சொல்லுதியோன்னு நெனச்சேன் தாயி. ஒன் ஆத்தாளக் கொன்னவன், ஒன் கையால எந்த மொகத்த வச்சுக்கிட்டு வாங்கிக் குடிக்கது?"

சிவசங்கரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில், ஆளுக்கொரு டீ. கோபம் என்று அவள் நினைத்திருந்தது கோபமே இல்லை.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றாள். "எனக்குத் தெரியாதே."

யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோகுல்நாத் அவள் பக்கத்தில் வந்து, "நீ நகுந்துக்க அம்மிணி, இந்தத் தடவை நான் அழுத்தறேன்," என்றான்.

"வேணாம்ணே. இது என் வரி. நான்தான் போடுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன்னாடி எதனால போச்சுங்கிறத மட்டும் நீங்க எழுதுங்க."

அவன் எழுதினான். எத்தனையோ நாள் எழுத நினைத்தது. மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பிறகு அவள் அழுத்தினாள். கைதட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கோகுல்நாத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் சின்னதாக இருந்தது. சுருளிவேல் பையை வாங்கிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றான். அவர் குரலில் சூடே இல்லை.

"நீங்க குடுத்த டீயக் குடிச்சிட்டேனே தம்பி," என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு தலையை நீட்டி இன்னொன்று சொன்னார். "அந்தக் காயிதம் இன்னும் போர்டுலதான் இருக்கு. லயத்துல மிச்சமிருக்க எட்டு வீட்டு ஆளுக அதத் தாண்டித்தான் நித்தம் மஸ்டருக்குப் போறாக. வேற யாரையும் விட்டு எடுக்கச் சொல்லாதீக. ஒங்க கையால வந்து எடுங்க."

மறுநாள் ஞாயிறு. தோப்பில் மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து கோகுல்நாத் மழைமணியைத் திறந்தான். மணி ஏழரை. மேல்தொட்டிக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. எட்டு, ஒன்பது. அப்போதும் காலி. இரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அங்கே எண் வராமல் இருந்ததில்லை. பஸ்ஸை விட்டுவிட்டார்களோ, வழியில் ஏதாவதோ என்று பயந்து சிவசங்கரிக்கு எழுதினான்.

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"நேத்தே வந்துட்டோம்ணே. காலைல டீ வச்சுக் குடுத்தேன். பாதிதான் குடிச்சாங்க. அம்மா பேரச் சொல்லிக் கொஞ்ச நேரம் அழுதாங்க. இப்ப தூங்குறாங்க. எழுப்பலண்ணே."

அவன் அதை மூன்று முறை படித்தான். வாய்க்காலில் தண்ணீர் மடை மாறி வேறு பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. எழுந்துபோய்த் திருப்பிவிடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உடுமலையில் மூணாறு பஸ் ஏறினான். மடியில் ஒரு உறை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கையாலேயே எழுதின காகிதம் அதற்குள் இருந்தது. ஒன்பது பேருடைய பெயரும், முந்நூற்று எண்பத்தாறும், தன் பெயரும் அதில் உண்டு. சின்னாறு செக்போஸ்ட் நெருங்கும்போது மணி ஏழு பத்து. போன் ஒரு தடவை அதிர்ந்தது.

மேல்தொட்டி. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் சேர்த்து: 0. ஏற்கப்பட்டது.

மாசி மாசம், மழை ஏது. பஸ் காட்டுக்குள் திரும்பியது. உறை வேர்வையில் நனையாமல் இருக்க அவன் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.